‘ரீச்’ சொன்னால் ஏழு நிமிடம்

காலை 5:47. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் முதலில் கண்ணில் பட்டது பச்சை. மயிலாப்பூரில் ஒன்பது புள்ளி, அடையாற்றில் பதினொன்று, தி.நகரில் ஆறு. எல்லாம் பச்சை. பச்சை என்றால் வண்டி பார்ட்டியின், அதாவது வண்டி கூப்பிட்டவரின், வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது வாசலில் நிற்கிறது. சிவப்பு என்றால் பயணம் ரத்து. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பேப்பர் ஸ்டோருக்கு மேல் மாடியில் எங்கள் கால் டாக்சி நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம். ஐந்து மணிக்கு வயர்லெஸ் செட்டை என் கையாலேயே அணைத்திருந்தேன். அது ஓய்ந்த பிறகுதான் அந்த அறையில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பது தெரிந்தது. செட்டுக்கு எதிரே, வழக்கமான நாற்காலியில் தலைமை ஆபரேட்டர் கஸ்தூரி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் அந்த மைக்கில் பேசியவர். அன்று அவருக்கு வேலை எதுவும் தரவில்லை. “சும்மா பாருங்க” என்று சொல்லியிருந்தேன். பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் இப்போது கிண்டியில் பார்சல் கொண்டுபோகும் நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறார். எந்தப் பார்சலை யார் கொண்டுபோவது என்பதை அடுத்த மாதம் முதல் இயந்திரமே முடிவு செய்யப்போகிறதாம். “நீங்க ஒரே நாள்ல மாத்துனீங்களே சார், எப்படின்னு எங்க பசங்களுக்கு வந்து சொல்லுங்க” என்றார். மேடையில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஒரே நாளில் மாற்றினோம் என்பது உண்மைதான். இது அந்த நாளைப் பற்றியது.

இந்தத் தொழிலுக்கு வருமுன் ஏழு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் நகரச் செய்தி எழுதினேன். கால் டாக்சி பற்றிக் கட்டுரை எழுதப் போனபோதுதான் முதலாளியைப் பார்த்தேன். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். குடும்பத்துக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. இவர் மட்டும் வண்டித் தொழிலுக்கு வந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் கேள்வியெல்லாம் கேட்டு முடித்ததும், அதற்கு முந்தின வாரம் நான் எழுதியிருந்த ஒரு சாலை விபத்துச் செய்தியை எடுத்து வைத்து என்னைக் கேட்டார்.

“இது எத்தன மணிக்கு?”

சொன்னேன்.

“எந்த எடத்துல?”

சொன்னேன்.

“கண்ணால பாத்தது யாரு?”

போலீஸ் சொன்னதை வைத்து எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடத்தில் படிப்படியாகப் பொது மேலாளர் ஆனேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

அண்ணாச்சி கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டிலும் ஒரு வயர்லெஸ் செட், சாப்பாட்டு மேசைமேல். வண்டிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். தவறு நடந்தால் நடுவில் குறுக்கிட மாட்டார். அரை மணி நேரம் கழித்துப் போன் வரும். அதே மூன்று கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு “சரி” என்பார். திட்டியதில்லை. அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று நாங்கள்தான் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

வயர்லெஸ் காலத்தில் வேலை இப்படி நடந்தது. பார்ட்டி போன் செய்து இடம் சொல்வார். கஸ்தூரி மைக்கில், “மந்தவெளி, மந்தவெளி பக்கம் யாரு?” என்பார். நாலைந்து டிரைவர்கள் ஒரே சமயத்தில் தங்கள் வண்டி எண்ணைக் கத்துவார்கள். முதலில் கத்தியவருக்கு ட்ரிப் கிடைக்காது. கஸ்தூரி மூன்று விநாடி பேசாமல் இருப்பார். குரலுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனிப்பார்.

“நாப்பத்திரெண்டு. மந்தவெளி மார்க்கெட்டு கிட்டதான் கீறேன்கா.”

நாற்பத்திரண்டு என்பது தணிகாசலத்தின் வண்டி.

“உன் பின்னாடி ரயில்வே அனவுன்ஸ்மென்ட் கேக்குது தணிகாசலம். மந்தவெளி மார்க்கெட்டுல எப்ப தண்டவாளம் போட்டாங்க?”

“இன்னாக்கா நீ, ரேடியோக்கா அது.”

“ரேடியோல தாம்பரம் வண்டி ரெண்டாவது பிளாட்பாரம்னு சொல்றானா? மாம்பலத்துல டீ குடிச்சுக்கினு மந்தவெளின்ற. வையி. பதினேழு, நீ எங்க?”

சேனலில் எல்லா வண்டியிலும் சிரிப்பு கேட்கும். பதினேழு, பாஷா பாய், பொய் சொன்னால் திக்குவார். அதனால் அவருக்கு ட்ரிப் கிடைத்துவிடும்.

இடத்தைப் பற்றிய பொய் ஒருவகை. இன்னொரு பொய் எல்லோருக்கும் பொது. வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் “ரீச்” என்று சொல்ல வேண்டும். யாரும் சேர்ந்த பிறகு சொன்னதில்லை. இரண்டு சிக்னலுக்கு முன்னாலேயே, சிலர் டீக்கடையில் காசு கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். ரீச் சொல்லிவிட்டால் அந்த ட்ரிப்பை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்பது வழக்கம். கஸ்தூரியிடம் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. எழுதி வைத்த கணக்கு அல்ல. தணிகாசலம் ரீச் சொன்னால் ஏழு நிமிடம். பாஷா பாய் சொன்னால் இரண்டு. அடையாறு வண்டிகளுக்கு மழையென்றால் இன்னும் நான்கு சேர்த்துக்கொள்வார். பார்ட்டியிடம், “இப்ப கீழ எறங்க வேணாம் சார், நான் மறுபடி கூப்பிடறேன்” என்பார். சரியாக ஏழாவது நிமிடம் கூப்பிடுவார். வண்டி வாசலில் நிற்கும். எங்கள் நிறுவனம் நேரம் தவறாதது என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

பிறகு கைப்பேசிச் செயலியில் டாக்சி கூப்பிடும் பழக்கம் நகரத்துக்கு வந்தது. முதல் வருடம் நாங்கள் சிரித்தோம். இரண்டாவது வருடம் காலை பதினொரு மணிக்கு எங்கள் போன்கள் அடிக்காமல் கிடந்தன. இளம் டிரைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். எங்களைப்போல மயிலாப்பூரிலும் திருவான்மியூரிலும் கால் டாக்சி நடத்தியவர்கள் ஒவ்வொருவராகப் பலகையைக் கழற்றினார்கள். அண்ணாச்சி ஒரு மதியம் என் அறை வாசலில் நின்று, “ஆறு மாசம் பாப்போம் தம்பி. என்ன மாத்தணுமோ நீங்களே மாத்துங்க. நான் குறுக்க வரமாட்டேன்” என்றார்.

நான் கண்ட வழி ஒன்றுதான். அடையாற்றில் ஒரு மருத்துவமனை, டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிட ஒரு நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருந்தது. வாரம் மூன்று நாள், குறித்த நேரம், ஏறி இறங்கக் கைகொடுக்கும் டிரைவர். செயலிக்காரர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. எங்களுக்கு அது கிடைத்தால் நூற்றிருபது வண்டியும் ஓடும். கிடைக்காவிட்டால் அந்த வருடத்தோடு மூடுவது என்று அண்ணாச்சியும் நானும் பேசி வைத்திருந்தோம். மருத்துவமனை ஒரே நிபந்தனை வைத்தது: எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர்களும் தங்கள் திரையில் பார்க்க வேண்டும். வயர்லெஸ்ஸில் அது முடியாது.

ஒரு மென்பொருள் நிறுவனம் வந்தது. வண்டிக்கு ஒரு தொடுதிரை டேப். ட்ரிப் அதில் வரும். வாசலுக்குப் போனதும் டிரைவர் ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதிலிருந்து ஐந்து நிமிடத்தில் பார்ட்டி ஏறாவிட்டால் பயணம் ரத்தாகி, வண்டிக்கு அடுத்த ட்ரிப் போய்விடும். வண்டி உண்மையிலேயே வாசலுக்கு அருகில் இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும்படி ஒரு சோதனையும் வைத்திருந்தார்கள். வெள்ளோட்டத்தின் முதல் இரண்டு நாளில் அந்தச் சோதனை படுத்தியது. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள குறுகலான தெருக்களில் டேப் வண்டியை அடுத்த தெருவில் காட்டியது. வாசலிலேயே நிற்கும் டிரைவருக்குப் பொத்தான் அழுந்தவில்லை. டிரைவர்கள் கூச்சல் போட்டார்கள். செவ்வாய் மாலை நாலரை மணிக்கு அந்தச் சோதனையை நிறுத்திவிடும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று நடந்த கூட்டத்தில் கஸ்தூரி ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

“சார், ரீச்னு சொன்னா ரீச் இல்ல சார்.”

மென்பொருள்காரர் புரியாமல் என்னைப் பார்த்தார். “இனிமே அது பொத்தான் கஸ்தூரி. வாய்ல சொல்றது இல்ல” என்றேன்.

“பொத்தான அமுக்கறதும் அதே வெரல்தானே சார்.”

நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன். எட்டு ஆபரேட்டர்களில் ஐந்து பேருக்கு இடம் இருக்காது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் தன் நாற்காலிக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

சோதனையை நிறுத்திய மறுநாளிலிருந்து ஞாயிறுவரை ஒரு வண்டிகூடத் தாமதமாகப் போனதாகப் பதிவில்லை. சென்னையில், ஐந்து நாள், ஒரு தாமதம்கூட இல்லை. ஒரு நிருபன் அப்படி ஒரு தகவலைக் கொண்டுவந்திருந்தால் என் பழைய செய்தி ஆசிரியர் அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார். நான் அதை அச்செடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவர்களுக்கு மகிழ்ச்சி. திங்கட்கிழமையை முழு வெள்ளோட்ட நாளாக வைத்துக்கொண்டு, புதனன்று முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். திங்களன்று அவர்களுடைய நிர்வாக அதிகாரியும் காலை ஐந்தரையிலிருந்து தன் அறையில் அதே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சனி, ஞாயிறில் எண்பத்தொன்பது வண்டிகளில் செட்டைக் கழற்றினோம். முப்பத்தொன்றில் மிச்சம் இருந்தது.

திங்கள் 5:52-க்கு முதல் சிவப்பு. மந்தைவெளி. ‘பார்ட்டி வரவில்லை. பயணம் ரத்து.’ யாரோ தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். 5:53-க்கு இரண்டு. 5:55-க்கு மூன்று. ஆறு மணிக்குப் போன்கள் அடிக்கத் தொடங்கின. பதினாறு மாதமாக எட்டு போனும் ஒரே நேரத்தில் அடித்து நான் கேட்டதில்லை.

“வண்டி வந்துட்டுப் போயிடுச்சாம். நான் வாசல்லதான் சார் நிக்கிறேன், எந்த வண்டி வந்துச்சு?”

எல்லாப் போனிலும் இதே கேள்வி. ஆறு ஐந்துக்குத் திரையில் பதினான்கு சிவப்பு. அறையில் இருந்த மென்பொருள்காரர் தன் கணினியைத் தட்டிக்கொண்டே, “சிஸ்டம் சரியாத்தான் சார் வேலை செய்யுது” என்றார். உண்மை. அது சொன்னபடிதான் செய்துகொண்டிருந்தது. டிரைவர்கள் இரண்டு சிக்னலுக்கு முன்னால் பொத்தானை அழுத்தினார்கள். ஐந்தாவது நிமிடம், வண்டி தெருமுனைக்கு வரும்போது, இயந்திரம் ட்ரிப்பைப் பிடுங்கி வேறு ட்ரிப் கொடுத்தது. பார்ட்டிதான் வேண்டாம் என்றுவிட்டார்போல என்று நினைத்து வண்டியைத் திருப்பினார்கள்.

கஸ்தூரி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ரத்தான பயணங்கள் அதன் ஓரத்தில் வரிவரியாக வரும். பெயர் வராது, பயண எண் மட்டும் வரும்.

“அந்த அஞ்சாவது வரி யாருது?”

மென்பொருள்காரர் திறந்து பார்த்தார். சாரதா. கச்சேரி ரோடு பக்கம் ஒரு சந்து. ஏறும் நேரம் 5:50. வண்டி நாற்பத்திரண்டு. ரத்தான நேரம் 5:55.

“சாரதா டீச்சர் சார். டயாலிசிஸ்” என்றார் கஸ்தூரி. அப்போது மணி 6:10.

சாரதா டீச்சருக்கு அறுபத்தேழு வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். லிஃப்ட் கிடையாது. திங்கள், புதன், வெள்ளி ஆறரைக்கு மருத்துவமனையில் அவருக்குப் படுக்கை. வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை மூன்று நாள் இடைவெளி. உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்குவது திங்களன்றுதான் அதிகம். மாற்றத்துக்கு நான் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தது, வாரத் தொடக்கமாக இருக்கட்டும் என்று. படுக்கையைப் பதினைந்து நிமிடம்தான் வைத்திருப்பார்கள். 6:45-க்கு வராவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். கைப்பேசி அவரிடம் இல்லை. நாங்கள் பதிந்து வைத்திருந்தது வீட்டுத் தொலைபேசி எண். ‘உங்கள் வண்டி வந்துவிட்டது’ என்ற குறுஞ்செய்தியை இயந்திரம் அந்த எண்ணுக்குத்தான் அனுப்பியிருந்தது.

கஸ்தூரி அந்த எண்ணுக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

தணிகாசலத்தின் கைப்பேசிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

“டீச்சர் எங்க?”

“அம்மா கேன்சல் பண்ணிட்டாங்கன்னு காட்டிச்சுக்கா. நான் ராயப்பேட்டை பார்ட்டிய ஏத்திக்கினு ஏர்போர்ட்டு போய்க்கினு கீறேன். கிண்டி தாண்டிட்டேன்.”

“நீ அவங்க வாசலுக்குப் போனியா?”

“தெரு மொனைக்கு வந்துட்டேன்கா.”

“தணிகாசலம்.”

“லஸ்ஸாண்ட இருக்க சொல்லோ அமுக்கிட்டேன்க்கா. எப்பவும் மாதிரிதான்.”

6:14. கஸ்தூரி செட்டின் பக்கம் திரும்பினார். “சார், மைக்கத் தொறங்க. செட்டு இருக்கற வண்டி மயிலாப்பூர்ல ஒண்ணாவது இருக்கும்.”

திரையில் அந்த வரியில் ‘வாகனம் தேடப்படுகிறது’ என்று சுழன்றுகொண்டிருந்தது. அடையாற்றில் நிர்வாக அதிகாரி அதே வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயர்லெஸ்ஸில் ஒரு வண்டியைக் கூப்பிட்டால், திரையில் அந்தப் பயணத்தின்கீழ் இல்லாத ஒரு வண்டி அவருடைய வாசலில் போய் நிற்கும். வண்டி எங்கே நிற்கிறது என்று திரையில் தெரிய வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனை அவர் கண் முன்னாலேயே உடையும்.

“கொஞ்சம் இருங்க. சிஸ்டம் தேடுது” என்றேன்.

“அது எங்க தேடுதுன்னு யாருக்குத் தெரியும் சார்?”

“ஒரு நிமிஷம் கஸ்தூரி.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மென்பொருள்காரர் கைகளைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டார். சுழன்றுகொண்டிருந்தது நின்று, ‘அருகில் வாகனம் இல்லை’ என்று வந்தது. மறுபடி சுழன்றது.

6:18-க்குச் செட்டைத் திறந்தேன். கஸ்தூரி மைக்கை எடுத்தார்.

“கன்ட்ரோல். கன்ட்ரோல். மயிலாப்பூர் பக்கம் செட்டு இருக்கறவங்க யாரு?”

இரைச்சல் மட்டும். யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஞாயிறன்று நானே அறிவித்திருந்தேன்.

“கஸ்தூரி பேசறேன்டா. யாராவது பேசுங்க.”

“பதினேழு.” பாஷா பாய். “லஸ் கார்னர்க்கா. டேப்பு வேல செய்யல.”

“நெஜமா லஸ்ஸா?”

“அல்லா மேல சத்தியமா. இந்தா கேளு.” மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். பஸ் ஹாரன், அதற்குள் இளநீர் வெட்டும் சத்தம், நாலு வெட்டு. கஸ்தூரி தலையாட்டினார். அந்த முனையில் இளநீர்க்காரர் எத்தனை மணிக்குக் கடை போடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“சாரதா டீச்சர் வீடு. உள்ள போய்ப் பாரு. போன் எடுக்கல.”

பாஷா பாய் 6:24-க்கு வாசலுக்குப் போனார். டீச்சர் வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி காலி. எதிரே பூக்கட்டும் அம்மா, “இவ்ளோ நேரம் இங்கதான் குந்திக்கினு இருந்தாங்க. போன் போட்டுப் பாக்கறேன்னு மேல போனாங்க நைனா” என்றார். டீச்சர் முதல் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வீட்டுச் சாவி. பாஷா பாயும் பூக்கார அம்மாவும் அவரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே வைத்துக் கீழே இறக்கினார்கள்.

செட் திறந்தே இருந்தது. வண்டிக்குள் டீச்சர் பேசியது எங்களுக்குக் கேட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

“நான் வாசல்லயேதான்... உக்காந்துண்டு இருந்தேன். அஞ்சரைலேர்ந்து. கஸ்தூரி ஏன் கூப்பிடலை?”

கஸ்தூரி மைக்கில், “வந்துட்டேன் டீச்சர். பேசாதீங்க, மூச்ச விடுங்க” என்றார்.

6:48-க்கு வண்டி மருத்துவமனை வாசலில் நின்றது. பாஷா பாய் ரீச் சொன்னார். கஸ்தூரி நேரத்தை எழுதிக்கொண்டார். படுக்கை மூன்று நிமிடம் முன்னால் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. டீச்சரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் இயந்திரம் கிடைத்தது. அதற்குள் ஒருமுறை இதயத் துடிப்பு தடுமாறியது. நான்கு நாள் அங்கேயே இருந்தார்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தணிகாசலம் வந்து சுவரோரம் நின்றிருந்தார். ஆற்றங்கரையில் இருந்த வீட்டைக் காலிசெய்து, அரசு ஊருக்கு வெளியே குடியேற்றிய குடும்பம் அவருடையது. அதிகாலை ட்ரிப்புக்கு மூன்று மணிக்கே எழுந்து வருகிறவர்.

“ஆஸ்பத்திரிலேருந்து பேசுனாங்க” என்றார் அண்ணாச்சி. “நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள கடுதாசி கேக்காங்க. யாரு தப்பு, அந்த ஆள் மேல என்ன நடவடிக்கைன்னு இருக்கணுமாம். பேரோட. அதப் பாத்துட்டுத்தான் புதன்கிழம முடிவு சொல்லுவாங்களாம்.”

தணிகாசலம் என்னைப் பார்த்தார். “சார், எல்லாரும் அப்படித்தான் சார் அமுக்குறாங்க. என்னிக்கு சார் நாங்க போயி சேந்துட்டு ரீச் சொல்லிக்கீறோம்? இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். இருபது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் சாப்பிட்டார்.

மதியம் கடிதத்தை எழுதினேன். 5:50-க்கு டிரைவர் தணிகாசலம் வாசலுக்குப் போகாமல் பொத்தானை அழுத்தினார், அதனால் பயணம் ரத்தானது, அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மூன்று வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பதிவில் ஆதாரம் இருந்தது. பத்திரிகையில் அதில் கைவைக்க எந்த உதவி ஆசிரியராலும் முடியாது.

கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை கஸ்தூரியை உட்காரவைத்து, திங்கள் ஐந்து முதல் ஏழு மணிவரை பொத்தான் அழுத்தப்பட்ட எல்லாப் பயணங்களையும் எடுத்தேன். அழுத்திய நேரத்தில் வண்டி உண்மையில் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அறுபத்துநான்கு பயணம். வாசலில் நின்று அழுத்தியவை பதினொன்று. நான் எண்ணைச் சொல்வேன், பார்ப்பதற்கு முன்பே கஸ்தூரி நிமிடத்தைச் சொல்வார்.

“எழுபத்தொன்பது.”

“அவன் நாலு.”

நான்கு.

“நாற்பத்திரண்டு.”

“ஏழு.”

ஏழு.

முந்தின வாரத்தையும் எடுத்தோம். தாமதமே இல்லாத அந்த ஐந்து நாளும் இப்படித்தான். அப்போது பெரும்பாலான வண்டிகளில் செட்டும் இருந்தது, கஸ்தூரியும் மைக்கில் இருந்தார். ட்ரிப் போய்விட்டதாக டேப் காட்டினாலும், “நீ போடா, பார்ட்டி அங்கதான் நிக்கிறாங்க” என்று அவர் அனுப்பியிருக்கிறார். ரத்தான பயணங்கள் அந்தத் தாமதக் கணக்கில் வரவே இல்லை. எனக்கு அது தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

கடிதத்தை மாற்றி எழுதினேன். வாசலுக்கு அருகில் இருந்தால்தான் பொத்தான் அழுந்தும் என்ற சோதனையை நிறுத்தியவர் பொது மேலாளர். டிரைவர்களின் பழக்கம் அவருக்குத் தெரியும். தலைமை ஆபரேட்டர் கூட்டத்தில் எச்சரித்தார். முந்தின வாரத்துத் தாமதமற்ற பதிவு நம்பத்தக்கதா என்று அவர் சரிபார்க்கவில்லை. திங்கட்கிழமை நிகழ்வுகளை நிமிட வாரியாகக் கீழே அட்டவணையாகக் கொடுத்தேன். பெயர் என்று கேட்ட இடத்தில் என் பெயரை எழுதினேன்.

அண்ணாச்சி நின்றுகொண்டே படித்தார்.

“இந்தச் சோதனைய நிறுத்துனது எத்தன மணிக்கு?”

“போன செவ்வாய், நாலரை.”

“எந்த எடத்துல?”

“இங்கேதான்.”

“பாத்தது யாரு?”

“யாரும் பாக்கல, அண்ணாச்சி. நானா போட்ட கையெழுத்து.”

தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். “இத அனுப்புனா ஆஸ்பத்திரிக்காரன் நம்மளச் சேத்துக்கிடாமலும் போவான். தெரியும்லா?”

“தெரியும்.”

“மைக்கத் தொறந்தது ஆறு பதினெட்டு?”

“ஆறு பதினெட்டு.”

கஸ்தூரி பக்கத்து மேசையில் இருந்தார். பேனாவை மூடினார்.

“சரி” என்றார் அண்ணாச்சி. முத்திரையை அவரே குத்தினார்.

புதன் மதியம் மூன்றே காலுக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. மூன்று மாதத்துக்குத் தருகிறோம். வாசல் சோதனை மறுபடி இயங்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளின் பயணம் எதுவும் தானாக ரத்தாகக் கூடாது. அவர்களுக்கென்று ஒரு மனிதர் போனில் இருக்க வேண்டும். இந்த மருத்துவமனை வேலையைப் பொது மேலாளர் பார்க்கக் கூடாது.

அந்த வேலையைக் கஸ்தூரி பார்த்தார். குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வாரம் நடந்து, டேப் அங்கே வண்டியை எங்கே காட்டுகிறது என்று அவர் குறித்துக் கொடுக்க, மென்பொருள்காரர்கள் திருத்தினார்கள். ஐந்து ஆபரேட்டர்களுக்கு வேலை போனது. அந்தக் கடிதங்களை நான்தான் கொடுத்தேன். ஒருவர் வாங்க மறுத்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாசலுக்கு முன்னாலேயே பொத்தானை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை விட டிரைவர்களுக்கு நான்கு மாதம் ஆனது. தணிகாசலத்துக்கு ஆறு. மூன்று மாத ஒப்பந்தம் ஒரு வருடமாகி, பிறகு வருடா வருடம் நீண்டது. நான் ஓய்வுபெற்ற அன்று எழுபத்திரண்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் மருத்துவமனை வண்டிகள். சாரதா டீச்சர் இன்னும் மூன்று வருடம் எங்கள் வண்டியில் போனார்.

கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் அட்டவணை, இருபத்தொரு வரி. கஸ்தூரி எழுதி வைத்த நேரங்களைப் பார்த்து நான் தட்டச்சு செய்தது. ஒன்பதாவது வரி: 6:13, டிரைவர் தணிகாசலத்துடன் தொலைபேசியில் பேச்சு. பத்தாவது வரி: 6:18, வயர்லெஸ் திறக்கப்பட்டது. கஸ்தூரி மைக்கைத் திறக்கச் சொன்ன 6:14-க்கு வரி இல்லை.